நடுச்சுவரின் கால்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் ஒரு வங்காளக் குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய கைக்குழந்தை காலையில் அழுதால் எங்கள் அலுமாரிக்குள் இருந்து அழுவது போலக் கேட்கும். லண்டனில் அப்டன் பார்க் பக்கத்து வரிசை வீடுகள் எல்லாம் இப்படித்தான். ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நூறு வருடத்துக்கு மேலாக நிற்கின்றன.

அந்தச் சுவரைப் பற்றி நான் ஒருமுறை வாய் திறந்து பேசினேன். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. ஆனபடியால் அன்று பேசியதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. பெருமைக்குத்தான் எழுதுகிறேன், அதை ஒளிப்பானேன்.

மகன் இந்த வீட்டை வாங்கியபோது அவனுக்கு மிகவும் பிடித்துப்போனது நிலத்துக்குக் கீழே இருந்த அறை. மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து பதினொரு படி இறங்க வேண்டும். கீழே செங்கல் பாவிய தரை, மூலையில் பழைய கரித்தூள். நான் அங்கே நிமிர்ந்து நிற்கலாம். மருமகளும் நிற்கலாம். மகன் நின்றால் தலை முகட்டு மரத்தில் இடிக்கும். அவன் நோர்வேயில் வளர்ந்தவன். அந்த நாட்டுப் பாலும் மீனும் அவனை ஆறடிக்கு மேலே இழுத்துவிட்டன.

மருமகள் சாரிக்கு பிளவுஸ் தைக்கிறவள். அவளுடைய வெட்டு நல்ல வெட்டு. லண்டனின் மறு அந்தத்து ரெய்னர்ஸ் லேனில் இருந்தெல்லாம் ரெயில் ஏறி அவளிடம் வருவார்கள். அவளுடைய தையல் மெஷின் முன் அறையில் இருந்தது. என் கட்டிலும் அதே அறையில்தான். பிளவுஸ் போட்டுப் பார்க்க ஆட்கள் வந்தால் நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன். காலில் வாதம் கடிக்கிற நாளிலும் போவேன். மருமகளுக்கு அது மனத்தில் குத்திக்கொண்டே இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கீழ் அறையைத் தையல் அறையாக்குவது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். தரையை இரண்டடி இறக்கிவிட்டால் எல்லோரும் தலை நிமிர்ந்து நிற்கலாம், முன் அறை முழுக்க எனக்கு.

“நோர்வேயிலை எல்லா வீட்டுக்கும் கீழை எவ்வளவு வடிவான அறை இருந்தது. நினைவிருக்கோ அம்மா?” என்றான் மகன்.

“ஓம்” என்றேன்.

நினைவிருந்தது. என்னைப் பயமுறுத்தியதும் அந்த நினைவுதான்.

நானும் என் கணவரும் கைக்குழந்தையோடு போய் இறங்கியது நோர்வேயின் வட அந்தத்தில் ஒரு மீன்பிடி ஊர். அங்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் எங்கள் இருவருக்கும் வேலை. வீட்டுக்காரர் வயதான மீனவர், பக்கத்திலேயே இருந்தார். முதல் நாள் அவர் எங்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். கடைசியாக நடையில் இருந்த ஒரு கதவைத் திறந்து, கீழே கையைக் காட்டி, “ஷெல்லர், ஷெல்லர்” என்றார்.

நாங்கள் ஊரில் போர் நடந்தபோது ஷெல்லடிக்குள் இருந்து வந்தவர்கள். ஷெல் என்ற சத்தம் காதில் விழுந்தால் அதற்குப் பிறகு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. நான் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியால் ஓடி இறங்கி, ஊரில் பங்கர்க் குழிக்குள் ஒளிப்பது போல மூலையில் குந்தித் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்சநேரம் கழித்துத்தான் கணவர் இறங்கி வந்தார். என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்.

“இஞ்சர், எழும்பும். இது பங்கர் இல்லை. உருளைக்கிழங்கு போட்டு வைக்கிற இடமாம்.”

பார்த்தால் என்னைச் சுற்றி உருளைக்கிழங்குச் சாக்கு, பழப்பாகுப் போத்தல்கள், பனியில் இழுக்கும் ஒரு சறுக்கு வண்டி. நிலத்துக்குக் கீழே இருக்கும் அறையை அவர்கள் பாஷையில் ஷெல்லர் என்பார்களாம். வீட்டுக்காரர் மேல்படியில் நின்று என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதற்காக அந்த மனிதரில் எனக்கு எப்போதும் ஒரு மதிப்பு.

என் கணவர் ஊரில் வீடு கட்டும் மேசன். அடுத்த கோடையில், வீட்டுக்குள் கறி தாளித்தால் மணம் போகுதில்லை என்று, வளவின் பின்பக்கம் ஒரு சின்னக் குசினி கட்ட வெளிக்கிட்டார். வீட்டுக்காரரிடம் கேட்டு, தொழிற்சாலைச் சிநேகிதர் இருவரைச் சேர்த்துக்கொண்டு, ஊரில் வெட்டுவது போலவே ஒன்றரை அடிக்கு அத்திவாரம் வெட்டினார். வீட்டுக்காரர் வந்து பார்த்தார். தன் கழுத்தில் கையை வைத்தார், பிறகு நிலத்தைக் காட்டினார்.

“கழுத்தளவுக்கு வெட்டட்டாம். ஆரைப் புதைக்கிறதுக்கு?” என்றார் கணவர். மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “நான் ஊரிலை எத்தினை வீட்டுக்கு அத்திவாரம் போட்டனான். இவர் மீன் பிடிக்கிறவர், எனக்குச் சொல்லித் தாறார்.”

குசினி வடிவாக எழும்பியது. மாரி வந்தது. பனி போட்டு மூடி, மாதக்கணக்கில் அந்தப் பக்கம் போக வழியில்லை. பனி கரைந்த பிறகு போய்ப் பார்த்தோம். கதவு திறக்கவில்லை. ஒரு மூலை ஒரு சாண் உயரத்துக்கு மேலே எழும்பி நின்றது. சுவர் வெடித்து, என் கை போகிற அளவுக்கு இடைவெளி. கணவர் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

வீட்டுக்காரர் வந்தார். வெளியே கிடந்து குளிரில் வெடித்த ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் காட்டினார். பிறகு நிலத்தைக் காட்டினார். இரண்டு கையையும் நிலத்தோடு வைத்து மெல்ல மேலே தூக்கினார். “தேலே” என்றார். மண்ணுக்குள் இறங்கும் உறைபனிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. மண்ணில் இருக்கும் ஈரம் பனிக்கட்டியானால் வீங்கும், வீங்கினால் மேலே இருப்பதைத் தூக்கும். வீடென்றும் பார்க்காது.

பிறகு எங்களைத் தன் வீட்டுக் கீழ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், சுவர் தரையைத் தொடும் இடத்தில் என் கணவரின் கையைப் பிடித்து வைத்தார். சுவரின் கால் குளிர் எட்டாத ஆழத்தில் நிற்க வேண்டும். அதற்காக ஆள் மறையும் அளவுக்கு எப்படியும் தோண்டத்தான் வேண்டும். அவ்வளவு பாடுபட்டுத் தோண்டிய குழியைத் திரும்ப மண் போட்டு மூடுவானேன்? மேலே பலகை அடித்தால் அது ஒரு அறை. கிழங்கு உறையாது, தண்ணீர்க் குழாய் வெடிக்காது. குளிர் நாட்டில் எல்லா வீட்டுக்கும் கீழே அறை இருப்பதன் காரியம் இவ்வளவுதான். அவர் பாஷையில் எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதியைச் சுவர் விளக்கியது.

அந்த வருடமே என் கணவர் குசினியை இடித்து, கழுத்தளவு வெட்டி, புதிதாகக் கட்டினார். கீழே எனக்கு வெங்காயம் வைக்க ஒரு அறையும் விட்டார். பிறகு புதிதாக வரும் எங்கள் ஆட்களிடம் அவரே கழுத்தில் கையை வைத்துக் காட்டுவார். அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் லண்டனில் நான் வாய் திறக்க வேண்டி வந்திராது.

மகன் தரையை இறக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில் இருந்து, வீட்டில் ஆள் இல்லாத நேரங்களில் நான் கீழே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த ஊரில் அந்தக் குளிர் இல்லை. பனி இரண்டு நாள் கொட்டும், மூன்றாம் நாள் சேறாகிவிடும். பின் வளவில் நான் கீரை போடும் மண் எந்த மாரியிலும் நகத்தளவுக்கு மேல் இறுகினதில்லை. அப்படியானால் இங்கே இந்த அறை எதற்கு?

அதற்கு விடையை, வேலை செய்ய ஒழுங்கு பண்ணியிருந்தவர் முதல் நாளே போகிற போக்கில் சொல்லியிருந்தார். எங்கள் ஊரவர்தான். ஜேர்மனியில் கட்டிட வேலை செய்து, பிறகு லண்டனுக்கு வந்தவர். மகன் அவரை அண்ணை என்பான்.

“நிலக்கரி கொட்டிற இடம் அம்மா இது. வாசலடியிலை ஒரு வட்ட இரும்பு மூடி கிடக்கெல்லோ? அதாலை கொட்டுவாங்கள். வண்டில்காரன் வீட்டுக்குள்ளை வரத் தேவையில்லை.”

அன்று அதைக் கேட்டுத் தலையாட்டினேன். பிறகுதான் மண்டையில் ஏறியது. நோர்வேயில் சுவர் ஆழத்துக்குப் போனதால் அறை வந்தது. இங்கே கரி போடுவதற்காக அறை வெட்டியிருக்கிறார்கள். சுவரை ஆழத்துக்கு இறக்கச் சொல்லி இந்த ஊரில் ஒரு குளிரும் கேட்கவில்லை. அப்படியென்றால் இந்தச் சுவரின் கால் எவ்வளவு தூரம் போகிறது? தரை மட்டத்தோடு நின்றுவிட்டால்?

ஒரு புதன்கிழமை, பூச்சாடிக்கு மண் கிளறும் சின்னக் கரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நடுச்சுவர் ஓரமாகத் தரையில் இரண்டு செங்கல் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கிளப்பிவிட்டுச் சுரண்டினேன். சுவர் கீழே போகப் போகப் படி போல மூன்று வரி அகன்றது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, மஞ்சள் களிமண்தான். அளந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. மருமகளின் அளவு நாடாவை எடுத்து வந்து விட்டுப் பார்த்தேன். பத்து அங்குலம். நூறு வருடத்து இரண்டு மாடிச் சுவர் பத்து அங்குலத்தில் நிற்கிறது, இவர்கள் இருபத்துநாலு அங்குலம் தோண்டப் போகிறார்கள்.

நாடாவை நன்றாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது. பின்னேரம் மருமகள் கேட்டாள்.

“மாமி, என்ரை நாடாவெல்லாம் களிமண். என்னெண்டு வந்தது?”

“தெரியாது பிள்ளை” என்று சொல்லிவிட்டேன். என் வெட்கம் என்னைப் பொய்யும் சொல்ல வைக்கும்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் மகனிடம், “தம்பி, அந்தச் சுவர்…” என்று தொடங்கினேன். அவனுக்கு ஒரு போன் வந்தது. “நாளைக்குக் கதைப்பம் அம்மா” என்று எழும்பிவிட்டான்.

நாளைக்கு என்றால் வேலை தொடங்கும் நாள். சனிக்கிழமை காலையே அண்ணை வந்துவிட்டார். அலவாங்கு, மண்வெட்டி, தரை உடைக்கும் மெஷின் எல்லாம் கீழே இறங்கின. ரேடியோவில் பாட்டு. நான் கடைசிப் படியில் நின்று இரண்டு தரம் கூப்பிட்டேன். யாருக்கும் கேட்கவில்லை. அண்ணை மெஷினைத் தூக்கி நடுச்சுவர் ஓரமாகக் கொண்டுபோனார். அந்தச் சுவரின் மறுபக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

நான் போய் அந்த இரண்டு செங்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னம்மா இது? தூசு பறக்கும், எழும்பி மேலை போங்கோ” என்றான் மகன்.

“இந்தச் சுவருக்குக் கால் இல்லை தம்பி.”

அண்ணை சிரித்தார். “அம்மாக்குப் பயம் பிடிச்சிட்டுது. ஊரிலை நாங்கள் வெட்டாத பங்கரோ அம்மா? பதினாலு வயசிலை வெட்டத் தொடங்கினனான். ஷெல் விழவிழ வெட்டினனாங்கள்.”

“பங்கரை எங்கை வெட்டினனீங்கள் தம்பி?”

“வளவுக்குள்ளைதான்.”

“வளவுக்குள்ளை எவடத்திலை? வீட்டுச் சுவரோடை ஒட்டி வெட்டினனீங்களோ?”

அவர் மெஷினைத் தரையில் இறக்கி வைத்தார். பங்கர் வெட்டின எல்லோருக்கும் தெரியும். வீட்டில் இருந்து தள்ளி, மாமரத்தடியிலோ கிணற்றுப் பக்கமோதான் வெட்டுவது. சுவர் ஓரம் வெட்டினால் ஷெல் தேவையில்லை, வீடே வந்து மூடிவிடும். அவர் ரேடியோவை நிற்பாட்டினார்.

நான் எழும்பி, செங்கல் இரண்டையும் எடுத்துவிட்டுக் காட்டினேன். அவர் முழங்காலில் இருந்து, போன் வெளிச்சத்தைப் பிடித்து, கையை விட்டுத் தடவினார். வெகுநேரம் தடவினார். பிறகு தன் அளவுக் கோலை விட்டுப் பார்த்தார்.

“பத்தங்குலம்” என்றேன் நான்.

“பத்துத்தான்” என்றார். பிறகு மகனைப் பார்த்து, “ஜேர்மனியிலை நான் செய்த வீடெல்லாம் கீழை கொங்கிறீட் சுவர், ஆழத்துக்குப் போகும். அதே நினைப்பிலை வந்திட்டன். தம்பி, இதுக்கு நான் கை வைக்கமாட்டன். முதல்லை ஒரு இஞ்சினியரைக் கூப்பிடும்.”

நோர்வேயில் ஊர் அத்திவாரத்தைப் போட்டுப் பிழைவிட்டோம். லண்டனில் நோர்வே அத்திவாரம் இருக்கும் என்று நம்பி அடுத்த பிழை விடப் பார்த்தோம். எனக்கு அது அன்று பளிச்சென்று தெரிந்தது. சொல்லத்தான் முடியவில்லை. அவ்வளவு பேசினதே எனக்கு ஒரு வருடத்துக்குப் போதும்.

மருமகளுக்கு மட்டும் அது வேறுவிதமாகப் பட்டது. மேலே வந்தவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“களிமண் எப்பிடி வந்ததெண்டு இப்ப விளங்குது. மாமிக்கு இது விருப்பமில்லை எண்டால் முதலே நேரை சொல்லியிருக்கலாம். ஒளிச்சு ஒளிச்சுக் கிண்டத் தேவையில்லை.”

அந்தக் கிழமை முழுக்க அவள் என்னோடு தேவைக்குத்தான் கதைத்தாள். கோப்பைகளை வைக்கும் சத்தம் கூடியிருந்தது. அவளில் பிழை இல்லை. தனக்கென்று ஒரு அறை என்று எத்தனை நாள் கனவு கண்டாளோ. நான் சொன்னது பிழையாக இருந்தால் என்ன முகத்தோடு அவள் முன்னால் நடப்பேன் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இஞ்சினியர் என்று வந்தது ஒரு இளம் பெண், வெள்ளைக்காரப் பிள்ளை. நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு இறங்கினாள். தோண்டிய இடத்தைப் பார்த்ததும், இதைத் தோண்டியது யார் என்று கேட்டாள். மகன் என்னைக் காட்டினான். அவள் திரும்பவும், வேலையாட்களில் யார் என்று கேட்டாள். “மை மதர்” என்றான் மகன். அவன் குரலில் இருந்த பெருமையை நான் கவனித்தேன்.

அவள் சொன்னதை மகன் எங்கள் மூவருக்கும் தமிழில் சொன்னான். அண்ணையும் வந்திருந்தார். சுவர் ஓரமாக ஒரேயடியாக இரண்டடி தோண்டியிருந்தால் சுவருக்குக் கீழே இருக்கும் களிமண் எங்கள் குழிக்குள் பிதுங்கி வந்திருக்கும். சுவர் இறங்கியிருக்கும். எங்கள் வீடு மட்டும் அல்ல, பக்கத்து வீடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு முறையாக அறிவிக்காமல் அந்தச் சுவரடியில் கை வைக்கவே கூடாதாம். கட்டாயம் இறக்கத்தான் வேண்டுமென்றால், சுவருக்குக் கீழே துண்டு துண்டாக, ஒன்று முடிந்த பிறகு ஒன்றாக, புதுக் கால் வைத்துக்கொண்டு போக வேண்டும். அது லேசான வேலை இல்லை, கெதியில் முடிகிற வேலையும் இல்லை.

பிறகு அவள் என் பக்கம் திரும்பி, எப்படித் தெரியும் என்று கேட்டாள். மகன் எனக்காகச் சொல்ல வாயெடுத்தான். என்ன வந்ததோ தெரியாது, நானே சொல்லத் தொடங்கிவிட்டேன். எனக்கு இருப்பது கொஞ்ச இங்கிலீஷ், கொஞ்ச நோர்வே பாஷை. நோர்வே கோல்ட் என்று கழுத்தில் கையை வைத்தேன். லண்டன் நோ கோல்ட் என்று விரலைக் கொஞ்சமாக அகட்டிக் காட்டினேன். நடுவில் தேலே என்ற சொல்லும் வந்து விழுந்தது. அவள் ஒன்றும் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், சரியாகச் சொன்னீர்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் கையில் களிமண். என் கையிலும் அது ஒட்டியது.

அவள் போன பிறகு குசினிக்கு வந்து இருந்தோம். மகன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் தேத்தண்ணி ஊற்றினாள்.

“பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ரை தொட்டில் அந்தச் சுவரோடைதான் கிடக்கு. நான் போய்ப் பார்த்தனான்” என்றாள், யாருக்கென்று இல்லாமல்.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“பிள்ளை, தைக்கேக்கை ஆர் நிண்டுகொண்டு தைக்கிறது?” என்று கேட்டேன்.

“என்ன மாமி?”

“மெஷினுக்கு முன்னாலை இருந்துதானே தைக்கிறனீர். எழும்பினாலும் உமக்குத் தலை இடியாது. எனக்கும் இடியாது.”

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள். அந்தக் கிழமையில் முதல் தரமாகச் சிரித்தாள்.

“உண்மைதானே. இவருக்குத்தான் தலை இடிக்குது. இவரே பிளவுஸ் தைக்கப் போறார்?”

“நானும் ஒருக்கா நிமிர்ந்து நிக்கலாமெண்டு பார்த்தன்” என்றான் மகன்.

“நீங்கள் மேலை நிண்டு நிமிருங்கோ” என்றாள்.

தரையைத் தொடவில்லை. இஞ்சினியர் பிள்ளையைக் கேட்டு, கவுன்சிலுக்கும் சொல்லி, அண்ணை கீழ் அறையைத் தையலுக்கு ஏற்றபடி செய்து தந்தார். ஈரம் வராமல் சுவருக்கு உறை போட்டார், காற்றுப் போக வழி வைத்தார், நாலு லைட் போட்டார். ஒவ்வொரு நாளும் வரும்போது என்னிடம், “அம்மா, இண்டைக்கு வேலை தொடங்கலாமோ, உத்தரவு கிடைக்குமோ?” என்று பகிடி விட்டுக்கொண்டுதான் இறங்குவார். நானும் ஓம் என்று தலையாட்டி அனுப்புவேன். மருமகளின் மெஷின் கீழே போனது. முன் அறை எனக்கு வந்தது.

போன மாதம் ரெய்னர்ஸ் லேனில் இருந்து ஒரு அம்மாவும் மகளும் கலியாண பிளவுஸ் போட்டுப் பார்க்க வந்திருந்தார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் அந்த அம்மாவின் குரல் கேட்டது.

“நல்ல வடிவான அறை. ஆனால் முகடு கையாலை தொடலாம் போலப் பதிவாக்கிடக்கு. கொஞ்சம் தோண்டியிருக்கலாமே?”

“தோண்டியிருந்தால் இப்ப நீங்கள் நிண்டு கதைக்க வீடு இருந்திராது அன்ரி” என்றாள் மருமகள். வாயில் குண்டூசி இருந்ததால் சொல் கொஞ்சம் நசிந்து வந்தது. “இந்தச் சுவரைக் கண்டுபிடிச்சது எங்கடை மாமி. என்ரை நாடாவாலை அளந்தவ. இஞ்சினியரே வந்து கையைக் குடுத்திட்டுப் போனவ. சொல்லுறன், கேளுங்கோ.”

அவள் தொடக்கத்தில் இருந்து சொல்லத் தொடங்கினாள். நோர்வே, உடைந்த போத்தல், கழுத்தளவு, பத்து அங்குலம் எல்லாம் வந்தன. தட்டோடு உள்ளே போயிருக்கலாம். போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் படியிலேயே நின்று, அவள் சொல்லி முடிக்கும்வரை ஒரு சொல் விடாமல் கேட்டேன். தேத்தண்ணி ஆறிவிட்டது. திரும்ப மேலே போய் வேறு போட்டேன்.